ஒரு வால்வைத் திறக்க எத்தனை நேரம் ஆகும்?

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் நடு ஷட்டர் பிய்த்துக்கொண்டு போனதை நம் பக்கத்து விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஷட்டரைத் தூக்குவதற்குச் சுலபமாக மறுபுறம் கட்டித் தொங்கவிட்டிருந்த கான்கிரீட் எடை, சங்கிலி அறுந்து விழுந்தது. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி வீதம் தண்ணீர் சாலக்குடி ஆற்றில் இறங்கிக் கேரளக் கடலுக்குப் போனது. பல்லடம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அன்று முழுக்க ஒரே பேச்சு. "ஒரு கதவை மூடறதுக்கு இத்தனை நாளுங்களா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். தண்ணீர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். 20,000 கன அடி என்றால் 1 டி.எம்.சி. போக 50,000 விநாடி, அதாவது ஏறக்குறைய 14 மணி நேரம். ஒவ்வொரு 14 மணி நேரத்துக்கும் ஒரு டி.எம்.சி. என்று மனசு கணக்குப் போடும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அன்று அங்கே மூடுவதற்குக் கதவே இல்லை. ஷட்டர் உட்காரும் மேடை வரை தண்ணீர் தானாக வடிந்தால்தான் ஆள் இறங்க முடியும். அந்த ஷட்டரின் உயரம் 27 அடி. 72 அடி அணையில் மேல் 27 அடித் தண்ணீர் போய்த் தீரும் வரை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வழி இல்லை.

கதவு ஒழுங்காக இருந்து, அதை மனிதன் கையால் சுற்றித் திறக்கவோ மூடவோ வேண்டியிருந்தால் எத்தனை நேரம் ஆகும்? அந்தப் பெரியவரின் கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டால் அதற்குள் ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் ஏரிகளில் இருந்து தொடங்குகிறேன். பாண்டி நாட்டு, புதுக்கோட்டைப் பக்கத்து ஏரிகளில் இன்றும் நிற்கும் குமிழித் தூம்பைப் பார்த்திருப்பீர்கள். கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளேயே இரண்டு கல் தூண்கள் நிற்கும். அடியில் கல் தொட்டி. தொட்டியின் மேல்கல்லில் வட்டமாக ஒரு துளை. அது நீரோடி. அதற்குக் கீழே வண்டலை வெளியேற்றச் சிறு துளைகள். அவை சேறோடி. நீரோடியை ஒரு கல் குமிழ் அடைத்திருக்கும். தண்ணீர் வேண்டும்போது ஒரு ஆள் நீந்திப் போய், முங்கி, அந்தக் குமிழைத் தூக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தொழில்நுட்பம் இது. கையால் இயக்கும் வால்வு என்பதற்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டை நான் தேடப் போவதில்லை.

இங்கே 'எத்தனை நேரம்' என்பதன் எல்லை முங்கியவரின் ஒரு மூச்சு. அதற்குள் குமிழ் அசைந்தாக வேண்டும். அது லேசான காரியமில்லை. துளை 20 சென்டிமீட்டர் அகலம், மேலே 3 மீட்டர் தண்ணீர் என்று வையுங்கள். குமிழின் தலையில் தண்ணீர் மட்டும் 94 கிலோ கனத்தில் அழுத்தும். கல்லின் சொந்த எடை தனி. ஆனால் ஒரு விரல் கனம் தூக்கிவிட்டால் போதும், தண்ணீர் அடியில் புகுந்து அழுத்தம் தளர்ந்துவிடும். பிறகு குமிழ் சுலபமாக வரும். முதல் அசைவுதான் கடினம். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். (மடை திறப்பவரையும் 'மடையன்' என்ற வசவையும் முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. அதைச் சொல்லாராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிடுகிறேன்.)

நம் கொங்கில் ஏரியைவிடக் கிணறு அதிகம். கவலை இறைத்த காலத்தில் நேரத்தை யாரும் கடிகாரத்தில் பார்க்கவில்லை, சாலில் எண்ணினார்கள். இந்தப் பாத்திக்கு இத்தனை சால், இந்த வயலுக்கு இத்தனை சால் என்று கணக்கு. எருது ஒருமுறை இறங்கி ஏற எவ்வளவு நேரம் என்பது கைப்பழக்கத்தில் தெரியும். இரண்டையும் பெருக்கினால் பொழுது எங்கே இருக்கும்போது வேலை முடியும் என்று வந்துவிடும். வால்வுக்கும் கணக்கு இதேதான். முதலில் எத்தனை சுற்று என்று எண்ணு, பிறகு ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று பார். வேறு சூத்திரம் எதுவும் இல்லை.

குமிழுக்கும் இன்றைய வால்வுக்கும் நடுவே வந்தது திருகு. தெருவில் புதைத்த பெரிய குடிநீர்க் குழாய்களுக்கு இருபுறமும் முகம் வைத்த ஆப்பு வடிவக் கதவை ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் நாஸ்மித் 1839-இல் வடிவமைத்தார். நீராவிச் சம்மட்டியைக் கண்டவரும் அவரேதான். கிழக்கு லண்டன் குடிநீர்க் கம்பெனிக்கு அதற்கு முன் இருந்த ஒருமுகக் கதவுகள் ஒழுகித் தொல்லை கொடுத்தன. ஆப்புக் கதவோ திருகை இறுக்க இறுக்க இரண்டு பக்கமும் அழுந்தி அடைத்துக்கொண்டது. இன்று நம் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட் வால்வும் அந்த வம்சம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 24 அங்குலக் குழாயில் ஒரு கேட் வால்வு. தண்ணீர் வேலைக்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: அங்குலத்துக்கு மூன்று சுற்று, அதன்மேல் இரண்டு மூன்று சுற்று சேர்த்துக்கொள். அப்படியானால் சுமார் 75 சுற்று. ஆனால் அத்தனை பெரிய வால்வை நேராக ஸ்பிண்டிலில் வீல் போட்டுச் சுற்ற முடியாது. 60 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் கதவின் ஒரு முகத்தில் மட்டும் இருந்தால் கதவு ஏறக்குறைய 17 டன் விசையில் தன் இருக்கையில் அழுந்தி நிற்கும். அதை உரசிக்கொண்டு நகர்த்தவே நாலைந்து டன் இழுவிசை வேண்டும். அதனால் பல்சக்கரப் பெட்டி வைக்கிறார்கள். நாலுக்கு ஒன்று என்ற விகிதம் என்றால் கைச்சக்கரம் 75-க்குப் பதிலாக 300 சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 4 விநாடி வீதம் 1,200 விநாடி. 20 நிமிடம். இது காகிதக் கணக்கு. ஆள் 30, 40 சுற்றுக்கு ஒருதரம் நிமிர்ந்து முதுகைச் சொடுக்கிக்கொள்வார், அடுத்தவர் கைமாற்றுவார். அரை மணி என்று எழுதிக்கொண்டால் பொய்க்காது.

பெரிய வால்வின் பக்கவாட்டில் குழந்தை மாதிரி ஒரு சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பைபாஸ். முதலில் அதைத் திறந்து மறுபுறக் குழாயில் தண்ணீரை நிரப்பி அழுத்தத்தைச் சமப்படுத்தினால் அந்த 17 டன் காணாமல் போகும். முங்கியவர் குமிழை ஒரு விரல் கனம் தூக்கியதும் இதுவும் ஒரே வித்தை. பைபாஸைத் திறந்துவிட்டுப் பொறுமையாகப் பத்து நிமிடம் நிற்பவர் பிற்பாடு பெரிய வால்வில் இருபது நிமிடம் மிச்சம் பிடிப்பார். பதறி வந்து பெரிய வீலிலேயே நேராகக் கை வைப்பவருக்கு வியர்வைதான் மிச்சம்.

வாய்க்கால் மதகுக்கு வருவோம். நமக்குச் சொந்தக் கதை இது. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-இல்தான் என்றாலும் அது 1958 நவம்பர் 9 முதலே நடப்பில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. 1962-இல் ஆழியாறு அணை, 1967-இல் திருமூர்த்தி அணை. பி.ஏ.பி. தண்ணீர் இந்த வறண்ட மண்ணுக்கு வந்தது. 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். பெரிய அணைகளில் மோட்டார் இருக்கலாம். கிளை வாய்க்கால், பகிர்மான வாய்க்கால் என்று கீழே வர வர எல்லாம் கைதான். லஸ்கர் சைக்கிளில் வருவார். கைப்பிடியைச் சொருகிச் சுற்றுவார். கரையில் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். அந்த வயதில் எனக்கு லஸ்கர்தான் கலெக்டர்.

அவர் எத்தனை நேரம் சுற்ற வேண்டும் என்பதைச் சுற்று எண்ணாமலே இன்னொரு வழியிலும் கணக்கிடலாம். திடகாத்திரமான ஒரு ஆள் நிறுத்தாமல் வேலை செய்தால் சுமார் 75 வாட் சக்தி கொடுப்பார். ஒரு குதிரைத் திறனில் பத்தில் ஒரு பங்கு. இரும்புக் கதவின் எடையும் தண்ணீர் அழுத்துவதால் வரும் உராய்வும் சேர்ந்து 5 டன், உயர்த்த வேண்டியது 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். இதற்கு வேண்டிய வேலை சுமார் 59,000 ஜூல். 75 வாட்டில் 13 நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். ஆனால் முடியாது. திருகில் நாம் போடும் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் கதவுக்குப் போய்ச் சேரும். மீதி நாலு பங்கும் திருகுக்கும் நட்டுக்கும் இடையே உரசலில் சூடாகப் போய்விடும். ஆகவே ஒரு ஆளுக்கு 65 நிமிடம். இரண்டு ஆள் சேர்ந்து சுற்றினால் அரை மணிக்குச் சற்று மேல்.

நாலு பங்கு வீணா என்று கேட்டால், இல்லை. அந்த உரசல் இருப்பதால்தான் லஸ்கர் கையை விட்டாலும் கதவு சரிந்து கீழே விழுவதில்லை. கைப்பிடியை நிறுத்தி வைத்துவிட்டு அவர் பீடி பற்ற வைக்கலாம். சங்கிலியும் எதிரெடையும் வைத்த கதவில் உழைப்பு மிச்சமாகும், வேகம் கிடைக்கும். ஆனால் சங்கிலி அறுந்தால் என்ன நடக்கும் என்பதை 2022-இல் பார்த்துவிட்டோம். இரண்டில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. 27 அடி உயர ஷட்டரைத் திருகு போட்டுக் கையால் தூக்க முடியாது என்பதும் உண்மை. கதவின் அளவுக்கு ஏற்றபடி ஏதோ ஒரு விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதுவரை திறப்பதைப் பற்றியே பேசினேன். மூடுவதில் இன்னொரு சங்கதி உண்டு. இது ரஷ்யாவில் கண்டறியப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்கள் காரணம் தெரியாமல் வெடித்துக்கொண்டிருந்தன. நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி என்ற பேராசிரியர், பிற்காலத்தில் விமான இயலில் பெரும்புகழ் பெற்றவர், 1897-98-இல் அங்கே பரிசோதனைகள் செய்து காரணத்தை நிலைநாட்டினார். ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் ஓர் அலையாக எழும்பிக் குழாய் நெடுகப் பின்னோக்கி ஓடும். இரும்புக் குழாயில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர். அலை மறுமுனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வால்வு மூடிவிட்டால் அடி முழுசாக விழும். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை அப்படி நிறுத்தினால் 100 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் கூடுதலாக ஏறும். நம் வீட்டில் மோட்டாரை நிறுத்தும்போது குழாய் 'டங்' என்கிறதே, அதன் பெரியண்ணன் இது.

10 கிலோமீட்டர் குழாய் என்றால் அலை போய் வர 20 விநாடி. 20 நிமிட வால்வுக்கு 20 விநாடி ஒரு பொருட்டா என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். கேட் வால்வு பாதி மூடினாலும் நீண்ட குழாயில் தண்ணீர் குறையவே குறையாது. முக்கால் மூடினாலும் ஓட்டம் பெரிதாகத் தளராது. குழாயின் உராய்வு அத்தனை, அதற்கு முன் வால்வின் தடை ஒன்றுமில்லை. கடைசிப் பத்தில் ஒரு பங்கில்தான் ஓட்டம் உண்மையில் அறுபடுகிறது. ஆக 300 சுற்று வால்வின் உண்மையான மூடும் நேரம் கடைசி 30 சுற்று, 2 நிமிடம். அது இன்னும் 20 விநாடிக்கு மேலேதான் இருக்கிறது. பிழைத்தோம். யாராவது ஆள் செலவைக் குறைக்கிறேன் என்று பத்து மடங்கு வேகத்தில் ஒரு மோட்டாரை மாட்டினால் அது 12 விநாடியாகிவிடும். குழாய் எங்காவது ஒரு ஜாயிண்டில் பிரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வால்வு சுற்றப் பழக்கியவர் படிக்காதவர். ஜுக்கோவ்ஸ்கியை அவர் எங்கே கண்டார். ஆனால் சொல்வார்: "கண்ணு, மொதல்ல எப்படி வேணா சுத்து. கடைசி முப்பது சுத்தைச் சாமி கும்பிடற மாதிரி சுத்தோணும்." ஏனுங்கண்ணா என்றால், "குழாய் முனகும், கேட்டுப் பாரு" என்பார். உண்மையாகவே ஸ்பிண்டிலில் காதை வைத்தால் கேட்கும். தண்ணீர் சீறும் ஓசை மெல்ல மெல்லக் கீச்சென்று மாறும். அந்தக் கீச்சு வந்ததும் அவர் ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி எடுத்துக்கொள்வார்.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட இன்னொரு பழக்கம் நோட்டு. கைக்கு அடக்கமான ஒரு நோட்டில் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு வரி. எந்த இடம், எத்தனை அங்குலம், எத்தனை சுற்று, எந்தப் பக்கம் சுற்றினால் மூடும், கடைசியாக என்று சுற்றியது. எந்தப் பக்கம் என்று எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எல்லா வால்வும் வலப்பக்கம் மூடுவதில்லை. எதிர்ப்பக்கம் மூடும் வால்வுகளும் உண்டு. இருட்டில், இடுப்பளவு தண்ணீரில், மூடுவதாக நினைத்து ஏற்கெனவே திறந்து முட்டி நிற்கும் வால்வை இன்னும் திறந்து ஸ்பிண்டிலை முறித்தவர்கள் உண்டு. சுற்றின் எண்ணிக்கையும் முக்கியம். 300 சுற்று வால்வு 210-இல் நின்றுவிட்டால் அது மூடிக்கொண்டதாக அர்த்தமில்லை. அடியில் கல்லோ வண்டலோ இருக்கிறது என்று அர்த்தம். எண்ணாதவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

'கடைசியாக என்று சுற்றியது' என்பதுதான் அந்த வரியில் விலை மதிப்புள்ள பகுதி. ஒரு மழைக்கால இரவு, ஊர் பெயர் வேண்டாம், பெருங்குழாய் ஒன்று உடைந்து தாழ்வான ஒரு தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. ஓட்டு வீடுகள், மண் சுவர்கள். வால்வு இருந்த இடம் முக்கால் மைல் தள்ளி. எங்கள் காகிதக் கணக்குப்படி 25 நிமிடத்தில் மூடியிருக்க வேண்டும். அந்த வால்வை ஆறு வருடமாக யாரும் தொட்டிருக்கவில்லை. ஸ்பிண்டில் கிளாண்டோடு ஒட்டிப் பிடித்திருந்தது. கிளாண்டு நட்டைத் தளர்த்தி, மண்ணெண்ணெய் விட்டு, முன்னுக்கு கால் சுற்று பின்னுக்கு கால் சுற்று என்று தாலாட்டித்தான் அதை எழுப்ப முடிந்தது. வீலில் இரும்புப் பைப்பைச் செருகி நாலு பேர் ஒரே இழுப்பில் இழுத்திருந்தால் ஸ்பிண்டில் முறிந்து எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆள் சேதம் இல்லை. இரண்டு வீட்டுச் சுவர்கள் இறங்கின. ஒரு வீட்டில் தறிக்குழி நிறைந்து பாவு முழுக்க நாசம். மறுநாள் காலை அந்த வீட்டுக்காரம்மா நனைந்த பாவை வாசலில் பிரித்துப் போட்டுக்கொண்டு எங்களை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு நான் இருந்த இடங்களில் ஆண்டுக்கு இருமுறை ஒவ்வொரு வால்வையும் முழுதாக மூடித் திறந்து கிரீஸ் வைப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். "சும்மா இருக்கற வால்வை எதுக்குச் சுத்தறீங்க" என்று கேலி செய்தவர்களும் உண்டு. சும்மா இருப்பதால்தான்.

இதே சங்கதி பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் ஒரு சோகமான உதாரணம் இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 11, குஜராத்தில் மோர்வி நகருக்கு மேலே இருந்த மச்சு இரண்டாம் அணை. மொத்தம் 18 கதவுகள். பெருமழையில் மின்சாரம் தடைப்பட்ட நிலையில் ஊழியர்கள் கையால் சுற்ற வேண்டி வந்தது. சில கதவுகள் கடைசிவரை அசையவே இல்லை. தண்ணீர் இருபுறமும் மண்கரைக்கு மேல் ஏறி வழிந்து கரையை அரித்துக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நியாயமாகச் சொன்னால், எல்லாக் கதவும் நொடியில் திறந்திருந்தாலும் அணை தப்பியிருக்காது. அணையின் வடிவமைப்பில் எதிர்பார்த்த வெள்ளத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அன்று வந்தது. கீழே இருந்த மக்களுக்கு ஓடுவதற்கு நேரம் கிடைத்ததா என்பதே அன்றைய கேள்வி. மேலே கதவோடு போராடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிடமும் கீழே செய்தி போயிருக்க வேண்டிய நிமிடம்.

மனிதனை நம்பிக் கதவை வைக்கக் கூடாது என்று அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே யோசித்தவர் விஸ்வேஸ்வரய்யா. புனே அருகே கடக்வாஸ்லா ஏரியில் 1903-இல் அவர் வடிவமைத்த தானியங்கிக் கதவுகள், தண்ணீர் ஓர் உயரத்தைத் தாண்டினால் தாமே திறந்து, இறங்கினால் தாமே மூடிக்கொண்டன. பிறகு மைசூரில் கிருஷ்ணராஜ சாகரிலும் அந்த ஏற்பாடு வந்தது. அவரைப் பற்றிப் பேசும்போது நேரம் தவறாமையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கதவுக்கும் அதையே கற்றுக் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் எத்தனை தானியங்கி வந்தாலும் பக்கத்தில் ஒரு கைச்சக்கரம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. திருச்சி பெல் ஆலையில் அனல்மின் நிலையங்களுக்குச் செய்யும் வால்வுகளில் மோட்டார் உள்ளவற்றைக் கவனித்தால் அங்கும் ஒரு வீல் இருக்கும். கரண்ட் போனால் லீவரைத் தட்டிவிட்டுக் கையால் சுற்றலாம். சாதாரண நாளில் யாரும் அதைத் தொடுவதில்லை. அது வேண்டியிருந்த ஒரு நாளைச் சொல்கிறேன். கையால் ஒரு வால்வைத் திறக்க எத்தனை நிமிடம் என்ற கணக்கு உயிர்க்கணக்காகவே மாறிய நாள் அது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து புகுஷிமா அணுமின் நிலையத்தில் மின்சாரம் முழுக்க அற்றுப்போனது. முதல் உலையின் கொள்கலனில் அழுத்தம் தாங்கும் அளவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆவியை வெளியேற்ற இரண்டு வால்வுகள் திறக்க வேண்டும். ஒன்று மோட்டார் வால்வு, உலைக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில். மற்றது காற்றழுத்தத்தில் இயங்குவது, அடித்தளத்தில். இரண்டிலும் கைச்சக்கரம் உண்டு. கும்மிருட்டு. உள்ளே கதிர்வீச்சு மணிக்கு 300 மில்லிசீவர்ட் என்று மதிப்பிட்டார்கள். ஒருவர் வாங்கிக்கொள்ள அனுமதித்த அளவு 100. அதை வைத்து உள்ளே இருக்கக்கூடிய நேரம் 17 நிமிடம் என்று கணக்கிட்டார்கள். முதுகில் சுமக்கும் காற்று உருளையும் ஏறக்குறைய 20 நிமிடத்துக்குத்தான் வரும். போகும் வழி, படி ஏறுவது, வால்வைத் தேடுவது, சுற்றுவது, திரும்புவது எல்லாம் அதற்குள். இருவர் இருவராக மூன்று குழு. இளைஞர்களை ஒதுக்கிவிட்டு மூத்தவர்கள் போனார்கள்.

மறுநாள் காலை 9 மணி 4 நிமிடத்துக்கு முதல் குழு கிளம்பியது. 9.15 வாக்கில் மோட்டார் வால்வைக் கையால் சுற்றிக் கால் பங்கு திறந்துவிட்டுத் திரும்பினார்கள். விதிமுறையில் சொல்லியிருந்ததும் அந்தக் கால் பங்குதான். இரண்டாவது குழு அடித்தளத்து வால்வை நோக்கிப் போனது. வழியிலேயே கதிர்வீச்சு மானி எகிறிவிட்டது. அந்த இருவரும் வால்வை எட்டாமலே திரும்ப வேண்டியதாயிற்று. ஒருவர் வாங்கிய அளவு 100-ஐத் தாண்டிவிட்டது. மூன்றாவது குழுவை அனுப்பவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு காற்று அமுக்கியைக் கொண்டுவந்து வெளியிலிருந்து காற்றடித்து அந்த வால்வைத் திறக்கும்போது பிற்பகல் இரண்டரை மணி. 3 மணி 36 நிமிடத்துக்கு ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடத்தின் கூரை போனது.

அந்த முதல் இருவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஏறக்குறைய பதினோரு நிமிடத்தில் போய்ச் சுற்றித் திறந்திருக்கிறார்கள். அந்த வால்வு பிடித்துக்கொண்டிருந்தால், நம் ஊர் வால்வு மாதிரி ஆறு வருடம் தொடாமல் கிடந்திருந்தால், 17 நிமிடம் என்ற கணக்குக்கு அர்த்தமே இல்லை. யாரோ ஒருவர் சாதாரண நாட்களில் அதைப் பராமரித்து வைத்திருந்தார்.

என் நோட்டு இன்னும் இருக்கிறது. அட்டை போய்விட்டது, மண்ணெண்ணெய் வாசம் மட்டும் போகவில்லை. அதில் உள்ள வால்வுகளில் பாதி இப்போது இருக்காது, சாலை அகலப்படுத்தியபோது புதைந்திருக்கும். பி.ஏ.பி. மதகுகள் அந்த நோட்டில் இல்லை, அது என் இலாகா அல்ல. திருமூர்த்தி அணையிலிருந்து பொங்கலூர், சுல்தான்பேட்டைப் பக்கம் வரை கிளை வாய்க்கால்களில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மதகு அடியிலிருந்து முழுசாக ஏற எத்தனை சுற்று, தனி ஆளாக எத்தனை நேரம், எந்த மதகு மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும், அதை எப்படி அசைப்பீர்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். நோட்டின் பின்பக்கத்தில் இருபது தாள் வெள்ளையாக இருக்கிறது.